டாப் லோடு மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை, ஸ்பின்னும் ஆகவில்லை: போர்டுதான் காரணமா?

துணிமூட்டை:
6.5 கிலோ டாப் லோடு, ஃபுல்லி ஆட்டோமேட்டிக். பெல்ட் வைத்த பழைய மாடல், இன்வெர்ட்டர் இல்லை. துவைப்பதில் குறை ஒன்றும் இல்லை, டப்பின் அடியில் உள்ள பல்சேட்டர் தட்டு இரண்டு பக்கமும் சுற்றுகிறது. அதற்குப் பிறகு தண்ணீர் அப்படியே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் பீப் அடித்து எரர் காட்டுகிறது. ஸ்பின் மட்டும் வைத்தாலும் அதே கதைதான். ஹோஸ் தரையோடு போய் பாத்ரூம் வடிகால் ஜாலியில் முடிகிறது. போர்வெல் தண்ணீர். வந்த மெக்கானிக் கழற்றிப் பார்க்காமலே போர்டு மாற்ற வேண்டும் என்கிறார். அதற்கு முன் நான் எதையெல்லாம் பார்க்கலாம்? மல்டிமீட்டர் இருக்கிறது.

ஈரத்தரை:
கெபாசிட்டர் பாருங்க சார். ஸ்பின் எடுக்கலைன்னா முக்கால்வாசி அதுதான்.

கிளட்ச்வயர்:
இவர் கேஸில் கெபாசிட்டர் இல்லை. இந்த வகை மெஷினில் துவைப்பதற்கும் பிழிவதற்கும் ஒரே மோட்டார், ஒரே கெபாசிட்டர், ஒரே பெல்ட். துவைக்கும்போது இரண்டு பக்கமும் நன்றாகச் சுற்றுகிறது என்றால் மூன்றும் பிழைத்துக் கிடக்கின்றன என்று அர்த்தம். மோட்டார் உறுமிக்கொண்டே நின்றிருந்தால் கெபாசிட்டரைச் சந்தேகிக்கலாம்.

தண்ணீரும் போகவில்லை, ஸ்பின்னும் இல்லை என்று இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ட்ரெயின் மோட்டார். டப்புக்கு அடியில் உள்ளங்கை அளவில் இருக்கும். தரையோடு ஹோஸ் போகும் மாடல்களில் பெரும்பாலும் பம்ப் கிடையாது, தண்ணீர் தானாகத்தான் இறங்கும். இந்தச் சின்ன மோட்டார் ஒரு கேபிளை ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இழுக்கும். அந்த ஒரே இழுப்பில் ட்ரெயின் வால்வும் திறக்கும், கிளட்ச் லீவரும் துவைக்கும் நிலையிலிருந்து பிழியும் நிலைக்கு மாறும். இழுப்பு இல்லையென்றால் இரண்டுமே நடக்காது. அதுவும் போக, தண்ணீர் வடிந்துவிட்டது என்று பிரஷர் சென்சார் சொல்லாமல் போர்டு ஸ்பின்னை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது.

மீட்டரை எடுப்பதற்கு முன் கையால் ஒரு சோதனை. பிளக்கைப் பிடுங்குங்கள். துணியை எடுத்துவிட்டு மக்கால் தண்ணீரை மொண்டு, நாலு விரல் அளவு மட்டும் விடுங்கள். முழுத் தண்ணீரோடு சாய்த்தால் தாங்கிப் பிடிக்க முடியாது. ஒருவர் மெஷினைச் சுவரோடு சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் அந்தக் கேபிளைக் கையால் இழுக்க வேண்டும். தகரத்தின் விளிம்பு கையைக் கிழிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் குபுகுபுவென்று போனால் வால்வும் ஹோஸும் சுத்தம், கோளாறு மோட்டாரில் அல்லது அதற்கு வரும் கரண்டில். இழுத்தும் போகவில்லையா, அப்போது அடைப்பு.

அடைப்பு என்றால் வால்வின் மூடியை இடப்பக்கம் திருப்பினால் கழன்று வரும். அடியில் ஒரு தட்டு வையுங்கள். உள்ளே ஸ்பிரிங்கும் ரப்பரும் இருக்கும். காசு, ஹேர்பின், சேஃப்டி பின், நூல் உருண்டை, இவைதான் வழக்கமாகக் கிடைப்பவை. போர்வெல் தண்ணீர் என்பதால் உப்புப் படிவமும் இருக்கும். சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்துத் துணியால் துடையுங்கள். ரப்பரைக் கத்தியால் சுரண்டினால் அப்புறம் வால்வு ஒழுகும்.

ஹோஸின் முனையையும் பாருங்கள். வழியில் நிலைப்படி மேல் ஏறி இறங்கினாலும், முனை ஜாலிக்குள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் வடிவது மந்தமாகிவிடும். கரப்பானுக்குப் பயந்து முனையில் வலை கட்டுபவர்கள் உண்டு. ஒரே மாதத்தில் அந்த வலையில் பஞ்சு அடைந்துவிடும்.

ட்ரையாக்:
மேலே சொன்னது சரி, மின்சாரப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். கேபிள் சோதனையில் தண்ணீர் போய்விட்டால், பிளக் பிடுங்கிய நிலையில் ட்ரெயின் மோட்டார் கனெக்டரைக் கழற்றி அதன் இரண்டு முனைகளுக்கு இடையே ஓம் பாருங்கள். சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே உள்ள காயில், அதாவது கம்பிச்சுருள், அறுந்துவிட்டது. காயில் நன்றாக இருந்து உள்ளே கியர் பல் தேய்ந்ததும் உண்டு. அப்போது கிர்ரென்று சத்தம் வரும், கேபிள் நகராது.

காயில் சரி, மோட்டார் அசையவே இல்லை என்றால் வோல்ட் பார்க்க வேண்டும். கனெக்டரை மாட்டி, மீட்டர் முனைகளை கிளிப்பால் பிடிக்கவைத்து, எல்லாம் முடிந்த பிறகு பிளக் போட்டு ஸ்பின் வையுங்கள். கரண்ட் ஓடும்போது அடியில் கை வைக்கவே கூடாது. மோட்டாரைக் கழற்றிவிட்டு வெறும் ஒயரில் அளக்காதீர்கள், போர்டில் ஸ்விட்ச் போல கரண்டை விட்டு நிறுத்தும் ட்ரையாக் என்ற பாகத்தின் கசிவே டிஜிட்டல் மீட்டரில் வோல்ட் போலத் தெரிந்து ஏமாற்றும். 220 முதல் 240 வரை வந்தும் இழுக்கவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. வரவில்லை என்றால் போர்டு முனையிலேயே அளந்து பாருங்கள். அங்கே வந்து இங்கே வராவிட்டால் நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. நம் வீடுகளில் அதற்கு எலிதான் முதல் காரணம், அடிப்பக்கம் திறந்த மெஷின் அதற்கு நல்ல வீடு. ஒட்டுப்போட்ட பின் அடியில் எலித் தகடு மாட்டுங்கள்.

போர்டு முனையிலும் வராதபோதுதான் போர்டைக் குறை சொல்லலாம். அப்போதும் பெரும்பாலும் ஒரு ட்ரையாக்தான் போயிருக்கும். போர்டு முழுக்கப் பசை ஊற்றியிருப்பதால் சுரண்டி எடுப்பது எரிச்சலான வேலை, ஆனால் போர்டு ரிப்பேர் செய்பவர்கள் செய்து தருவார்கள்.

துணிமூட்டை:
கேபிளை இழுத்ததும் தண்ணீர் சட்டென்று இறங்கியது. ஓம் எதுவும் காட்டவில்லை. மோட்டார்தான் போலிருக்கிறது. வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கிளட்ச்வயர்:
பழையதைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் இழுக்கும் நீளம், கொக்கியின் வடிவம், ஒயர் இரண்டா மூன்றா என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். போர்டு விலையோடு ஒப்பிட்டால் இது சொற்பம். கழற்றும் முன் கேபிள் போகும் வழியை போட்டோ எடுத்து வையுங்கள். மாட்டிய பின் கேபிள் துளி தளர்வாக இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் வால்வு முழுசாக மூடாமல், மேலே தண்ணீர் ஏற ஏறக் கீழே போய்க்கொண்டே இருக்கும், துவைக்கும்போது கிளட்சும் பாதியில் நின்று கரகரக்கும். ரொம்பத் தளர்ந்தால் தண்ணீர் போகும், ஸ்பின் பிடிக்காது.

பக்கத்துவீடு:
இதே தலைப்பில் என் கேள்வியும்: ஃப்ரன்ட் லோடு, திரையில் ஓஇ என்று வருகிறது. அங்கேயும் இந்த மோட்டார்தானா?

ட்ரையாக்:
இல்லை, அதில் இருப்பது பம்ப். ஓஇ என்பது எல்ஜியின் வடிகால் எரர், சாம்சங்கில் அதுவே 5சி அல்லது 5இ. முன்பக்கம் கீழே சின்னக் கதவைத் திறந்தால் ஃபில்டர் இருக்கும். சூடான தண்ணீரில் துவைத்திருந்தால் ஆறவிடுங்கள். பக்கத்தில் உள்ள சின்னக் குழாயின் மூடியை எடுத்து முதலில் தண்ணீரை வடியுங்கள், பிறகு ஃபில்டரைத் திருகுங்கள். முன்னுக்குப் பின் மாற்றினால் அறையே குளமாகும். ஃபில்டர் குழிக்குள் டார்ச் அடித்து, பம்பின் விசிறியை ஒரு குச்சியால் சுற்றிப் பாருங்கள். காந்தம் இருப்பதால் விட்டுவிட்டுத் திரும்பும், அது சரிதான். அசையவே இல்லையென்றால் ஊக்கோ முடியோ சிக்கியிருக்கும். தடையே இல்லாமல் வழுக்கிச் சுற்றினால் விசிறி காந்தத்திலிருந்து கழன்றுவிட்டது, பம்பையே மாற்ற வேண்டும். இதற்கு ஹோஸை டாப் லோடு மாதிரி தரையில் போடாதீர்கள், மேனுவலில் சொன்ன உயரத்துக்குத் தூக்கி மாட்டுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் பிடிக்கப் பிடிக்க வெளியே உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.