பிளாட்பாரத்தில் சாப்பாடு கொடுக்கப் போய் மாட்டிக்கொண்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

தயிர்சாத கோஷ்டி:
3 வருஷம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. சென்னையில் ஒரு மேம்பாலத்துக்குக் கீழே, மே மாத ஞாயிற்றுக்கிழமை. காலை 7 மணிக்கே 80 பேருக்குத் தயிர்சாதம், சோறு ஆறுவதற்குள் தயிரை ஊற்றிக் கிளறி, ஆவி பறக்க ஃபாயில் டப்பாவில் போட்டு மூடியாகிவிட்டது. ஆட்டோ லேட், நடுவில் தண்ணீர் பாட்டில் வாங்க ஒரு சுற்று, கொடுக்க ஆரம்பிக்கும்போது பன்னிரண்டரை. ஒரு பெரியவர் மூடியைத் திறந்து மூக்குக்கிட்டே கொண்டுபோனார். திரும்ப மூடினார். நாலு ஓரத்தையும் விரலால் அழுத்தி ஒழுங்காக மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டு, "முந்தாநாளும் ஒருத்தர் இப்படித்தான் குடுத்தாரு தம்பி. ராத்திரி பூரா ஓடுனேன். கட்டணக் கக்கூஸ்ல ஒரு தடவைக்கு அஞ்சு ரூபா" என்றார். கோபமே இல்லை, கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அதற்குள் 20 டப்பா கைமாறியிருந்தது. திரும்ப வாங்கலாம் என்று ஓடினால் பாதிப் பேரைக் காணோம்.

அண்டா அக்கா:
எங்களுக்கு வருவது மண்டபத்துச் சாப்பாடு. காலை டிபன் மிச்சம் என்று மத்தியானம் 1 மணிக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தால் இட்லி பரவாயில்லை, தேங்காய்ச் சட்னியில் கரண்டியை விட்டு எடுத்தேன், நூல் மாதிரி இழுத்தது. கொட்டச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த பையன், "ரோட்டுல இருக்கவங்க இதெல்லாம் பாப்பாங்களாக்கா?" என்றான். அவனை அன்றைக்கு வண்டியில் ஏற்றவில்லை. மண்டபத்துக்காரர் முறைத்துக்கொண்டே நின்றார், "நானே சாப்பிட்டேங்க, நல்லாத்தான் இருந்துச்சு" என்று. சாப்பிட்டது 8 மணிக்கு.

சும்மா வந்தேன்:
இப்படிப் பார்த்துப் பார்த்துக் கொட்டினால் கடைசியில் பட்டினிதான் மிஞ்சும். 2020 ஏப்ரல் ஊரடங்கில் நேரடியாகச் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று அரசு சொன்னது, அப்புறம் உயர் நீதிமன்றம் நிபந்தனையோடு அனுமதித்தது, நினைவிருக்கிறதா? இடைப்பட்ட நாட்களில் எங்கள் தெருமுனைப் பாட்டி எங்கள் வண்டிச் சத்தம் கேட்டாலே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பார், நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு போவோம். அக்கா, அந்தப் பையன் பேசியது தப்புதான், ஆனால் பசியோடு நிற்கிறவரிடம் தெர்மாமீட்டரை நீட்ட முடியுமா?

பிளாஸ்திரி 63:
சும்மா வந்தேன், தெர்மாமீட்டரை நீட்ட வேண்டியது அண்டாவிடம், அவரிடம் இல்லை.

என் கதை சின்னது. வெங்காயம் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்ட ஒருத்தர் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு எலுமிச்சை சாதம் கட்டினார். 110 பொட்டலம் முடிந்தபோது விரலில் பிளாஸ்திரி இல்லை. ஒவ்வொன்றாகப் பிரித்தோம். 63ஆவதில் இருந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சூடான சாப்பாடு 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும், குளிர்ந்தது 5க்குக் கீழே, நடுவில்தான் கிருமிக்குக் கொண்டாட்டம். கெட்டது போல இருந்தால் சுட வைத்துக்கொள்ளலாம் என்பார்கள், அது நடக்காது. பேசில்லஸ் சீரியஸ் என்று சோற்றில் வரும் கிருமி ஒன்று, அதன் வித்து கொதியிலும் சாகாது, ஆறிக் கிடக்கும் அண்டாவில் முளைத்து நஞ்சை விட்டால் வாந்தியெடுக்க வைக்கும் அந்த நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது, வாசனையும் காட்டிக்கொடுக்காது. தயிர்சாதக்காரரே, சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, தயிரைத் தனியாக ஐஸ் பெட்டியில் கொண்டுபோய் அங்கேயே கலந்திருக்க வேண்டும். மே மாதத்தில் தயிர்சாதமே வேண்டாம், புளியோதரை போடுங்கள், புளியும் நல்லெண்ணெயும் தாங்கும், கட்டுச்சோறு கட்டிய நம் பாட்டிகளுக்குத் தெரியாததா? நியூஸ்பேப்பரில் மடிக்காதீர்கள், மை ஒட்டும், அதற்குத் தடையும் இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டே போனைத் தொடுகிறவர்களுக்குக் கையுறை எதற்கு, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். வயிற்றுப்போக்கு, வாந்தி இருக்கிறவர் அன்றைக்குச் சமையல் பக்கமே வரக் கூடாது, வண்டி ஓட்டட்டும். அக்கா, மிச்சச் சாப்பாட்டுக்கென்றே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2019இல் விதிமுறை கொண்டுவந்தது: என்ன சாப்பாடு, எங்கிருந்து வந்தது, எப்போது சமைத்தது, சைவமா அசைவமா என்று எழுதி ஒட்ட வேண்டும். சிறிய அளவில் செய்கிறவர்களுக்கு அங்கே பதிவு செய்யக் கட்டணமும் பெரிதில்லை.

அண்டா அக்கா:
பதிவெல்லாம் இருக்கிறது தம்பி. சட்னிக்குத்தான் அது தெரியவில்லை.

பரங்கிமலை பாசஞ்சர்:
பிளாஸ்திரி சார் சொல்வதெல்லாம் நம் கையைவிட்டுப் போகிற வரைக்கும்தான். நாங்கள் சமைத்த நேரத்தை மார்க்கரில் பெரிதாக எழுதி, சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிடுவோம். ஒரு அம்மா பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைத் துணியில் சுற்றி, தலைக்கு வைக்கும் பைக்குள் செருகினார். வெயில் அப்படியே அந்தப் பைமேல். "இப்பவே சாப்பிட்டுடுங்கம்மா, கெட்டுடும்" என்றேன். "ராத்திரிக்கு நீ வருவியா?" என்று கேட்டார்.

வரமாட்டோம், எங்களுக்கு ஞாயிறு மத்தியானம் மட்டும்தான். அதிலிருந்து ராத்திரிக்கென்று ஒரு பன் தனியாகக் கொடுக்கிறோம். போன வாரம் பார்த்தேன், சோற்றை முழுசாகச் சாப்பிட்டுவிட்டார். பன்னைத் திங்கட்கிழமைக்கு எடுத்து வைத்திருக்கிறார்.