வீட்டிலும் கடையிலும் மறுபடியும் பித்தளை: உங்கள் அனுபவத்தைப் போடுங்கள்

கோண்டாவில்:
யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் புதிதாகத் திறக்கிற சாப்பாட்டுக்கடை, விடுதி எல்லாவற்றிலும் இப்போது பித்தளைதான் கண்ணில் படுகிறது, தொங்குவிளக்கு, கதவுக் கைபிடி, கை கழுவுகிற இடத்தில் குழாய், வாசலில் பூ மிதக்கவிட்ட உருளி என்று. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் வாங்கும்போது கவனம் வேண்டும். அக்காவின் புது வீட்டுக்குக் கைபிடி பார்க்கப் போனோம், நல்ல மினுக்கம், கொண்டுபோன காந்தத்தை வைத்தேன், ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்பு. "அண்ணை, இது பித்தளைதானோ?" என்று கேட்க, "பித்தளைக் கலர், தம்பி" என்றார் கடைக்காரர். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளையைக் காந்தம் இழுக்காது. துத்தநாக வார்ப்புக்கு மேல் பூசி விற்பதையும் இழுக்காது என்பதால் கையில் தூக்கிப் பாருங்கள், அசல் பாரமாக இருக்கும்.

மானிப்பாய்:
எங்கள் வீட்டுச் சாமான் எல்லாம் பழசு. 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் இடம்பெயர்ந்தபோது அம்மம்மா குத்துவிளக்கு, தாம்பாளம், மூக்குப்பேணி (மூக்கு வைத்த குடிக்கிற பாத்திரம்) எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கிணற்றடியில் தாட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டா. திரும்பி வந்து கிண்டி எடுக்க ஒரே பச்சை. பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கத் தேய்க்கப் பழைய மஞ்சள் வந்தது, அந்த விளக்குத்தான் இன்றைக்கும் விறாந்தையில் நிற்கிறது. தங்கச்சி மூக்குப்பேணிகளைச் சுவர்த் தட்டில் அடுக்கியிருக்கிறாள், வருகிறவர்கள் எல்லாரும் எங்கே வாங்கினது என்று கேட்கிறார்கள். தயவுசெய்து உங்கள் வீட்டுப் பரணையும் ஒருக்கால் பாருங்கள், பழைய சாமான் வாங்க வருகிறவரிடம் கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு கடையில் புதுசு தேடுகிற ஆட்களைப் பார்க்க மனம் பொறுக்குதில்லை.

குருநகர் (குழாய் வேலை செய்கிறேன்):
எங்கள் மண் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் காயும்போது பித்தளைக் குழாயில் வெள்ளைப் படை விடும். துணியால் துடைத்து ஈரமில்லாமல் வைத்தால் போதும். உவர்த் தண்ணீர் உள்ள இடம் என்றால் யோசித்துப் பூட்டுங்கள், காலப்போக்கில் துத்தநாகம் கரைந்துபோய் உலோகம் சிவந்து, உள்ளுக்குள் பலமிழந்துவிடும். அப்புறம், புதுச் சாமான்களில் பெரும்பாலும் நிறம் மங்காமல் இருக்க மேலே வாணிஷ் அடித்திருப்பார்கள். அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பூச்சு திட்டுத்திட்டாகக் கழன்று போன இடம் மட்டும் கறுக்கும். பூச்சில்லாதது கைபட்டுக் கைபட்டு மெதுவாகக் கபில நிறமாகும், எனக்கு அதுதான் வடிவு.

மானிப்பாய்:
சரி, ஒரு கேள்வி. அம்மம்மாவின் பித்தளைப் பானையில் மறுபடி சமைக்க ஆசை. புளி சேர்த்த கறி வைப்பதென்றால் உள்ளே வெள்ளீயம் பூச வேண்டும். வலிகாமத்தில் அந்த வேலை செய்கிறவர் யாரும் இருந்தால் இடத்தைப் போடுங்கள்.