அழும்போது மட்டும் வாய் கோணுகிறது

நான்: வீடியோவைப் பாருங்கள். பாப்பா அழும்போது வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறது. தூங்கும்போது முகம் நன்றாகத்தான் இருக்கிறது.

மதுரை அத்தை: உரம் விழுந்திருக்கும்மா. எங்கள் தெருப் பாட்டி புடவையில் போட்டு உருட்டி எடுப்பார். கூட்டி வா.

நர்ஸ் அக்கா: அத்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள், உருட்டவே வேண்டாம். கழுத்து நிற்காத பச்சைக் குழந்தை. நீ சொல்லும்மா, அழும்போது இரண்டு கண்ணையும் இறுக்கி மூடுகிறாளா? நெற்றி இரண்டு பக்கமும் சுருங்குகிறதா?

நான்: ஆமாம் அக்கா. பாலும் நன்றாகக் குடிக்கிறாள். இடது உதடு மட்டும் கீழே இழுக்கிறது. இடது பக்கம்தான் கோளாறா?

நர்ஸ் அக்கா: இல்லை, இழுக்கிற பக்கம் சரியாக இருக்கிறது. அசையாமல் நிற்கிற வலது பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். வாயோரத்தைக் கீழே இழுக்கும் சின்னத் தசை ஒன்று சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே சரியாக வளர்ந்திருக்காது. அழும்போதுதான் அது தெரியும். பால் குடிக்கத் தடை இருக்காது. ஆனால் இவர்களில் சிலருக்கு இதயத்திலும் குறை இருக்கலாம் என்பதால் எக்கோ எடுக்கச் சொல்வார்கள். பயப்படாதே, அதுவும் ஸ்கேன்தான், ஊசி கிடையாது. இந்த வாரமே குழந்தை டாக்டரிடம் காட்டிவிடு.

தம்பி: பிரசவத்தில் ஆயுதம் போட்டுத்தானே குழந்தையை எடுத்தார்கள், அதனால் இருக்குமா?

நர்ஸ் அக்கா: இருக்கலாம். ஆனால் முக நரம்பு நன்றாக அழுந்தியிருந்தால் அந்தப் பக்கத்துக் கண்ணும் சரியாக மூடாது, தூங்கும்போதும் லேசாகத் திறந்திருக்கும். அதுவும் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடும். அதுவரை கண் காயாமல் சொட்டு மருந்து விடுவார்கள். எது என்று நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மதுரை அத்தை: எண்ணெய் தொட்டு நீவிவிடலாமா?

நர்ஸ் அக்கா: டாக்டர் பார்க்கும்வரை எதுவும் வேண்டாம் அத்தை.
இன்னொன்று, எல்லோரும் கேளுங்கள். நேற்றுவரை சரியாக இருந்த முகம் திடீரென்று கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் அசையாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108. குழுவில் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டாம்.

நான்: சரி அக்கா. தலையையும் ஒரே பக்கமாகத்தான் சாய்த்துப் படுக்கிறாள்.

நர்ஸ் அக்கா: அதையும் சொல்லிவிடு. கழுத்துத் தசை இறுகியிருக்கிறதா என்று பார்ப்பார். இறுகியிருந்தால் பிசியோதெரபியில் பயிற்சி சொல்லித் தருவார்கள்.
அப்புறம், வீடியோவை அழித்துவிடாதே. அங்கே போனதும் தூங்கிவிட்டால் காட்ட வேண்டுமே. டிஸ்சார்ஜ் சீட்டும் கையில் இருக்கட்டும்.

மதுரை அத்தை: எந்த நாள் என்று சொல்லும்மா. நானும் கூட வருகிறேன்.