பி.ஏ. பிரெஞ்சு படித்தவர்கள் இருக்கிறீர்களா?

தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டாள். மொழிப்பாடம் பிரெஞ்சு. மார்க்கை அள்ளினாள், ஆனால் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராது (நம்ம ஊரில் பிரெஞ்சு எடுப்பதே மார்க்குக்குத்தானே!). இப்போது பட்டப்படிப்பும் அதில்தான் என்கிறாள். டெல்லி ஜேஎன்யுவிலும் ஹைதராபாத் இஃப்ளுவிலும் (ஆங்கிலம், அயல்மொழிகளுக்கான பல்கலைக்கழகம்) பிரெஞ்சில் பி.ஏ. ஆனர்ஸ் இருக்கிறது. அங்கே படித்தவர்கள் சொல்லுங்களேன்: முதல் வருடம் அடிப்படையிலிருந்து தொடங்குவார்களா, எடுத்ததுமே இலக்கியமா?

அப்பா வேறு, பி.காம். சேர்ந்துவிட்டு சாயங்காலம் சென்னை அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்தில் டெல்ஃப் (பிரெஞ்சு மொழித்திறன் தேர்வு) பி2 நிலை வரை முடிக்கட்டும் என்கிறார். அந்தச் சான்றிதழ் காலாவதியாகாது. எனக்கும் அது சரியென்றே படுகிறது. அப்புறம் மொழிபெயர்ப்பு வேலைக்குப் போனால் எதை முதலில் பார்க்கிறார்கள், பட்டத்தையா டெல்ஃபையா? அந்தத் துறையில் இருப்பவர்கள் பதில் போட்டால் பெரிய உதவி.