போர்ஜோமி மலையூரில் கனிம நீர்க் குளியல் உள்ள விடுதி: பெற்றோரை அழைத்துச் செல்லலாமா?

கீழக்கரை இளையவன் (ஷார்ஜா) கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. ஷார்ஜாவில் கணக்கராக வேலை செய்கிறேன். வாப்பாவும் உம்மாவும் செப்டம்பரில் இங்கே வருகிறார்கள். அப்போது அவர்களை ஜார்ஜியா நாட்டின் போர்ஜோமிக்கு அழைத்துச் சென்று, கனிம நீர்க் குளியல் வசதியுள்ள விடுதி ஒன்றில் நான்கு இரவுகள் தங்கவைக்க எண்ணியிருக்கிறேன்.

உம்மாவுக்கு 61 வயது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் இருப்பதால் நாற்காலியில் அமர்ந்துதான் தொழுகிறார். வாப்பாவுக்கு 68 வயது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. இந்தக் குளியலால் முழங்கால் வலி குறையுமா, பர்தா பேணும் பெண்கள் அங்கே மனச்சங்கடமின்றிக் குளிக்க முடியுமா, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பவற்றை, போய்வந்தவர்கள் யாரேனும் விளக்கினால் உதவியாக இருக்கும். வாப்பாவோ, "நம் வீட்டு போர்த் தண்ணீரே உப்புதான், உப்புத் தண்ணீரில் குளிக்க விமானம் ஏற வேண்டுமா?" என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

ஏர்வாடிக் காக்கா (அபுதாபி) எழுதியது:

வ அலைக்குமுஸ்ஸலாம், தம்பி. சென்ற அக்டோபரில் என் உம்மாவையும் மாமியையும் அழைத்துக்கொண்டு போர்ஜோமியில் மூன்று இரவுகள் தங்கினேன். வாப்பாவின் கேள்வி நியாயமானது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் ஊரில் 'மினரல் வாட்டர்' என்றால் வாசலில் வந்து இறங்கும் 20 லிட்டர் கேன், அதாவது இயந்திரத்தில் உப்பை நீக்கிய தண்ணீர். போர்ஜோமியில் அதே பெயருக்குப் பொருள் நேர்மாறானது. நம் நாட்டுக் குடிநீர்த் தர அளவின்படி ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். போர்ஜோமிப் புட்டியின் மேல் 5 முதல் 7.5 கிராம் வரை என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே உப்பு என்று வாப்பா சொல்வது சரிதான்; ஆனால் அது கடலோரக் கிணற்றில் ஏறும் கறியுப்பு அன்று. அதில் பெரும்பகுதி சோடியம் பைகார்பனேட், அதாவது நாம் ஆப்ப மாவில் போடும் சோடா உப்பின் இனம். ஆழத்திலிருந்து கரியமில வாயுவோடு மேலே வரும்போது அந்த நீர் 38 முதல் 41 டிகிரி வரை சூடாக இருக்கும்.

ஊரின் நடுவே உள்ள பூங்காவில் எகத்தெரீனா ஊற்று என்ற பெயரில் ஒரு மண்டபம் இருக்கிறது. அங்கே குழாயிலிருந்து இளஞ்சூடாக விழும் நீரை யாரும் பிடித்துக் குடிக்கலாம். உம்மா ஒரு மிடறு வாயில் வைத்தார்; விழுங்கவும் முடியாமல் துப்பவும் கூசிக்கொண்டு என் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார். அவித்த முட்டையின் வாடையும் சோடா உப்பின் ருசியும் சேர்ந்த வெந்நீர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மாமி மட்டும் இரண்டு குவளை குடித்துவிட்டு, ஏப்பம் நன்றாக வருகிறது என்று மகிழ்ந்தார்.

விடுதியைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. படங்களில் அழகாகத் தெரிந்த நீச்சல் குளத்தை நம்பி நான் பணம் கட்டினேன். போய்ச் சேர்ந்து குளத்தருகே நின்றதும் குளோரின் வாடை மூக்கைத் துளைத்தது. வரவேற்பறையில் விசாரித்தபோதுதான், குளத்தில் இருப்பது சூடாக்கிய சாதாரணத் தண்ணீர் என்றும், கனிம நீர் சிகிச்சைப் பிரிவில் உள்ள தொட்டிகளுக்கு மட்டுமே வருகிறது என்றும், அதற்குத் தனிக் கட்டணம் என்றும் சொன்னார்கள். எனவே முன்பதிவு செய்வதற்கு முன்பே, எந்த நீர் எதில் நிரப்பப்படுகிறது, அறை வாடகையில் எத்தனை குளியல் அடங்கும், மருத்துவர் பார்ப்பதற்குத் தனியாகக் கட்ட வேண்டுமா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். வாய்மொழிப் பதிலை நம்ப வேண்டாம்.

அந்தத் தொட்டிக் குளியல் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆளுக்கொரு சிறிய அறை, கதவைச் சாத்திக்கொள்ளலாம், முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பெண் உதவியாளரே வந்தார். பதினைந்து நிமிடம்தான். உலை கொதிக்கும் முன் பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளுமே சிறு சிறு குமிழிகள், அவை கை மயிரிலெல்லாம் படிந்திருந்தன என்று உம்மா வந்து சொன்னார். பொதுக் குளத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிப்பார்கள். நம் பெண்களுக்கு இந்தத் தனி அறைதான் பொருந்தும். பூங்காவுக்கு அப்பால் காட்டு வழியே ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நடந்தால் கந்தக நீர்க் குளங்கள் வரும். அவை வெந்நீர் அல்ல, வெதுவெதுப்புதான். முழங்கால் வலியோடு அந்த நடை வேண்டாம்.

ஹலால் இறைச்சிக்குக் கடை தேடி அலைவதைவிட மீன், முட்டை, பாலாடைக்கட்டி வைத்துச் சுடும் கச்சாபுரி ரொட்டி, லோபியோ என்னும் ராஜ்மாக் குழம்பு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது எளிது. அதே ராஜ்மாவை ரொட்டிக்குள் வைத்துத் தரும் லோபியானியில் சில இடங்களில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள். கேட்காமல் வாங்க வேண்டாம்.

ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியிலிருந்து போர்ஜோமி ஏறக்குறைய 160 கிலோமீட்டர். வாடகைக் காரில் இரண்டரை மணி நேரம் ஆகலாம். ஊர் மலையிடுக்கில், ஆற்றை ஒட்டி நீளவாக்கில் கிடக்கிறது. இரவு எட்டு மணிக்குமேல் ஆற்றுச் சத்தம் தவிர வேறெதுவும் கேட்காது.

இராமநாதபுரம் பிசியோதெரபிஸ்ட் எழுதியது:

தம்பி, உங்கள் தாயாருக்கு வெதுவெதுப்பான நீரில் மூட்டு விறைப்பும் வலியும் சற்றுக் குறையும். நீர் உடலின் எடையைத் தாங்குவதால் தரையில் மடங்காத கால் அங்கே கொஞ்சம் மடங்கும். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு வளராது. இவ்வகைச் சிகிச்சையை வழக்கமாக இரண்டு மூன்று வாரங்கள் தொடர்ந்து எடுப்பார்கள். நான்கு நாட்களில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். தொடைத் தசைக்கான பயிற்சியை அங்கும் விடாமல் செய்யச் சொல்லுங்கள்.

எனக்குக் கவலை தருவது உங்கள் தந்தையாரைப் பற்றித்தான். நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதங்களில் உணர்ச்சி மங்கியிருக்கக்கூடும். நீரின் சூடு அவர்களுக்குத் தெரியாது. ஆகவே இறங்குமுன் நீங்கள் கைவைத்துப் பாருங்கள். குளித்த பின் விரலிடுக்குகளைத் துடைத்துப் புண் உண்டா என்றும் பாருங்கள். இன்சுலின் போடுபவராக இருந்தால், சூட்டில் அது விரைவாக உடலில் ஏறிச் சர்க்கரை தாழ்ந்துவிட வாய்ப்புண்டு. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் தொட்டியிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். விளிம்பில் சற்று அமர்ந்த பிறகே எழ வேண்டும். அந்த நீரைக் குடிப்பதிலும் கவனம் தேவை. ஒரு நாளுக்குச் சோடியம் 2 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. போர்ஜோமி நீரில் ஒரு லிட்டர் குடித்தாலே அதில் பெரும்பங்கு போய்விடும். மருந்து தரும் மருத்துவரைக் கேட்காமல் அவர் குடிக்க வேண்டாம்.

தனுஷ்கோடிக் காற்று (இராமேசுவரம்) எழுதியது:

எங்கள் ஊர்க் கோயிலில் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக இறைத்து ஊற்றுவார்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு ருசி என்று பாட்டி அடித்துச் சொல்வார். அதனால் நீருக்கு நீர் வேறுபடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் சொல்ல வந்தது விசாவைப் பற்றி. உங்களிடம் வளைகுடாக் குடியிருப்பு அட்டை இருப்பது வேறு, பெற்றோர் விசிட் விசாவில் வந்திருப்பது வேறு. அவர்கள் ஜார்ஜியாவுக்குள் செல்ல என்ன வேண்டும் என்பதை அந்நாட்டுத் தூதரகத்தில் உறுதிசெய்த பின்பே டிக்கெட் எடுங்கள். செப்டம்பர் இறுதியில் அங்கே இரவு குளிரும். வெந்நீரில் குளித்த ஈரத் தலையோடு வெளியே வர விடாதீர்கள். நம் கடற்கரை ஆட்களுக்குக் குல்லாவின் அருமை அங்கே போன பிறகுதான் தெரியும்.

கீழக்கரை இளையவன் (ஷார்ஜா) எழுதியது:

காக்கா, சகோதரி, அண்ணன், மூவருக்கும் மிக்க நன்றி. காக்கா சொன்னபடி இரண்டு விடுதிகளுக்கு எழுதிக் கேட்டேன். ஒன்று குளத்தின் படத்தை மட்டும் மறுபடி அனுப்பியிருக்கிறது. மற்றொன்று, குளத்தில் சாதாரண நீர், தொட்டியில் கனிம நீர், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு குளியல், பெண் உதவியாளர் உண்டு என்று தெளிவாகப் பதில் தந்திருக்கிறது, அதைத்தான் பார்த்துவைத்திருக்கிறேன். தூதரகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மின்னஞ்சல் அனுப்புகிறேன். ஆப்பச் சோடா விவரத்தை வாப்பாவிடம் சொன்னேன். உம்மா குளிக்கட்டும், தான் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பதாகவும், குடிக்க மட்டும் நல்ல தண்ணீர் வாங்கித் தந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார்.

காக்கா, இன்னொன்று: அந்தத் தொட்டிக்குள் இறங்கப் படியும் கைப்பிடியும் இருந்தனவா? உம்மாவால் காலை உயரத் தூக்கிவைக்க முடியாது.

ஏர்வாடிக் காக்கா (அபுதாபி) எழுதியது:

நாங்கள் தங்கிய இடத்தில் கைப்பிடி இருந்தது, தம்பி, படி இல்லை. விளிம்பு ஏறக்குறைய முழங்கால் உயரம். உதவியாளர் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, இருபுறமும் தாங்கி இறக்கினார். உங்கள் விடுதியில் தொட்டியின் படத்தையே கேட்டு வாங்குங்கள்.