புதுப்பிப்பு: தம்பி இப்போது எப்படி இருக்கிறான்

தம்பிக்கு யாரோ பேசும் குரல்கள் கேட்பதையும், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலுள்ள சாட்ஸ்வர்த்தில் உறவினர்களில் பாதிப்பேர் "அம்மன் இறங்கியிருக்கிறாள்" என்பதையும் எழுதி, வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

மனச்சிதைவு நோய்தான் என்று மருத்துவர் உறுதிசெய்துவிட்டார். மாத்திரைக்குத் தினமும் சண்டை. அதனால் மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு மாறிவிட்டோம். குரல்கள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. ஆனால் குளிக்கவோ பேசவோ மனமில்லாமல் படுத்தே கிடக்கிறான். மாமா இதைச் சோம்பல் என்கிறார். இதுவும் நோயின் ஒரு முகம்தான், மருந்துக்கு அவ்வளவு எளிதில் மசியாத முகம் என்று மருத்துவர் விளக்கியும் அவர் ஏற்கவில்லை. (ஊசி போடக் காரில் அழைத்துப்போவதும் அதே மாமாதான், திட்டிக்கொண்டே.)

"ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடுங்கள்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். 2016இல் கௌடெங் மாகாண அரசு, லைஃப் எசிடிமெனி என்ற தனியார் மனநலக் காப்பகங்களில் இருந்த நோயாளிகளைத் தகுதியற்ற இல்லங்களுக்கு மாற்றியதில் 144 பேர் இறந்தார்கள். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவே அம்மா விடுவதில்லை. எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

தைப்பூசக் காவடி பற்றிக் கேட்ட அக்காவுக்கு: தம்பி எடுக்கலாம் என்றார் மருத்துவர், ஆனால் ஊசித் தேதி தவறக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது.

அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறோம். பதில் வந்ததும் எழுதுகிறேன்.