பேசும்போது மட்டும் 4ஜி எங்கே போகிறது?

மலையடிவாரம்:
அப்பாவின் பழைய போன் இப்போது என்னிடம். பெட்டியில் கொட்டை எழுத்தில் 4ஜி என்று போட்டிருக்கிறது. சும்மா இருக்கும்போது மேலே எல்டிஇ என்று காட்டும். அழைப்பு வந்தால் 'ஈ' ஆகி, வாட்ஸ்அப் நின்றுவிடும். தம்பி போனில் வோல்டி என்று இருக்கிறது, அவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. எல்லாம் ஒன்றா, வேறா?

டவர்க்காரன்:
போனில் கோளாறு இல்லை. எல்டிஇ என்பது 4ஜிக்கான தொழில்நுட்பம். அந்த வலையில் 2ஜி மாதிரி குரலுக்கெனத் தனித்தடம் கிடையாது, எல்லாமே டேட்டா பொட்டலம். குரலையும் அப்படியே அனுப்புவதுதான் வோல்டி. உங்கள் போனுக்கு அது தெரியாததால் பேசுவதற்கு 2ஜிக்கு இறங்குகிறது. 'ஈ' என்றால் எட்ஜ், அதாவது 2ஜி டேட்டா. அதில் பேசும்போது டேட்டா நின்றுவிடும். 2016இல் வந்த ஜியோவிடம் இறங்க 2ஜியே இல்லை. வோல்டி இல்லாத போன்காரர்கள் தனி ஆப் போட்டுத்தான் பேசினார்கள்.

பழைய சிம்:
4ஜி என்ற பெயரே ஒரு கூத்து. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வைத்த அளவுகோல், அசையாமல் இருந்தால் நொடிக்கு 1 ஜிகாபிட். தொடக்ககால எல்டிஇ அதன் பக்கத்தில்கூட வரவில்லை. 2010 டிசம்பரில் ஒன்றியமே இறங்கிவந்து, எல்டிஇ, அதற்குப் போட்டியாக இருந்த வைமேக்ஸ் என்ற நுட்பம், மேம்பட்ட 3ஜி எல்லாவற்றையும் 4ஜி என்று அழைக்கலாம் என்றது. வைமேக்ஸ் பிற்பாடு போட்டியில் தோற்றுப்போனது, அது தனிக்கதை.

மலையடிவாரம்:
சரி, புரிந்தது. செட்டிங்ஸில் தேடிவிட்டேன், வோல்டி பொத்தானே இல்லை. அப்பாவிடமே திருப்பிக் கொடுக்கிறேன், அவர் வாட்ஸ்அப் பார்ப்பதில்லை.